ஏதென்ஸிலிருந்து ஒருநாள், தனியாகக் காரில்: டெல்ஃபியா, மைசீனியா, கொரிந்தா?

ஏதென்ஸில் அக்ரோபோலிஸையும் அருங்காட்சியகங்களையும் பார்த்து முடித்த பிறகு கையில் ஒரு முழு நாள் மிஞ்சுகிறது. வாடகைக்குக் கார் எடுத்து, தனியாக, காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிட வேண்டும். எங்கே போவது? யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது டெல்ஃபி. டெல்ஃபி கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தனியாக ஓட்டிப் போகிறவருக்கு அது முதல் தேர்வு அல்ல. காரில் போவதென்றால் வெண்கலக் காலக் கோட்டையான மைசீனி, துறைமுக ஊர் நாஃப்லியோ, பழைய அரங்கம் உள்ள எபிடாரஸ் மூன்றும் அடங்கிய ஆர்கோலிஸ் பக்கம் போங்கள். டெல்ஃபிக்கு இன்னொரு நாள் பஸ்ஸில் போங்கள். இதுதான் என் முடிவு. காரணங்களைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

முதலில் தூரக் கணக்கு. டெல்ஃபி சுமார் 180 கி.மீ., போக மட்டும் இரண்டரை மணி நேரம். மைசீனி சுமார் 120 கி.மீ., ஒன்றரை மணி நேரம், அதில் பெரும்பகுதி மோட்டார்வே. பழைய கொரிந்து 85 கி.மீ.க்குள் வந்துவிடும். சௌனியோ முனை 70 கி.மீ. ஆர்கோலிஸில் மூன்று இடங்களையும் சுற்றித் திரும்பினால் மொத்தம் 320 கி.மீ. அளவுக்கு ஆகும். டெல்ஃபி போய் வந்தால் 360. கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். தனியாக ஓட்டுகிறவர் மொத்தத்தைப் பார்க்கக் கூடாது, அது எப்படித் துண்டு துண்டாகப் பிரிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆர்கோலிஸில் காலையில் 120 கி.மீ. ஓட்டியதும் இறங்கி நடக்கிறீர்கள். அப்புறம் 25, அதன் பிறகு ஒரு 30. கடைசியில்தான் மறுபடி நீளமாக ஓட்ட வேண்டும், அதையும் நடுவில் கொரிந்துக் கால்வாய் ஓரம் ஒரு காபியோடு இரண்டாக்கிக்கொள்ளலாம். டெல்ஃபியில் அப்படியில்லை. காலையில் ஒரே மூச்சில் 180, மலைச்சரிவில் வெயிலில் மூன்று மணி நேரம் ஏறி இறங்கிய பிறகு, ஓய்ந்த கால்களோடு மறுபடி ஒரே மூச்சில் 180. கூட ஒருவர் இருந்தால் அவர் வழி பார்ப்பார், டோலுக்குச் சில்லறை எடுத்துத் தருவார், கண் சொருகும் நேரத்தில் பேச்சுக் கொடுப்பார். தனியாக இருக்கும்போது இது எல்லாமே நீங்கள்தான்.

இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு இன்னொன்றும் உண்டு. கிரீஸில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். மோட்டார்வேயில் அது பிரச்சினையே இல்லை, எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். ஆளில்லாத கிராமச் சாலையில், ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே திரும்பும் நொடியில்தான் கை பழைய பழக்கத்துக்குப் போகும். களைப்பு ஏற ஏற அந்த ஆபத்தும் ஏறும். ஆகவே நாளின் முதல் பாதியில் மோட்டார்வே, சிறு சாலைகள் எல்லாம் நல்ல வெளிச்சத்தில் என்று அமைகிற வழி நமக்கு நல்லது. ஆர்கோலிஸ் அப்படித்தான் அமைகிறது.

இடங்களுக்கு வருவோம்.

மைசீனிக்கு மற்றவர்களுக்கு முந்திப் போய்விடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கோடையில் காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள். சுற்றுலா பஸ்கள் பெரும்பாலும் 10 மணிக்கு மேல்தான் வந்து சேரும். ஏதென்ஸிலிருந்து ஆறரைக்குக் கிளம்பினால் சிங்க வாசலை ஏறக்குறைய தனியாகப் பார்க்கலாம். கி.மு. 1250 வாக்கில் கட்டியது. வாசலுக்கு மேலே, தூணுக்கு இருபுறமும் நிற்கும் அந்த இரண்டு விலங்குகளுக்கும் தலை இல்லை. தனியாகச் செய்து பொருத்தியிருந்த தலைகள் எப்போதோ போய்விட்டன. வாசலைத் தாண்டியதும் வலப்பக்கம் வட்டமாகக் கல் நாட்டிய இடம் தெரியும். 1876-இல் ஹைன்ரிக் ஷ்லீமான் தோண்டி, தங்க முகமூடிகளோடு புதைந்திருந்தவர்களைக் கண்டெடுத்த கல்லறை வட்டம் அதுதான். 'அகமெம்னான் முகமூடி' என்று புகழ்பெற்றது இப்போது ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது டிராய் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது என்பதால், அந்தப் போரில் கிரேக்கப் படைக்குத் தலைமை தாங்கியதாகச் சொல்லப்படும் மைசீனி அரசன் அகமெம்னானுடையதாக இருக்க முடியாது. ஏதென்ஸில் அதை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் இந்தக் குழிகள் வேறு மாதிரி தெரியும். ஆகவே அருங்காட்சியகத்தை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

பலர் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுக் காரை எடுத்துவிடுகிறார்கள். அரை கிலோமீட்டர் கீழே, சாலையோரத்திலேயே 'அட்ரியஸின் கருவூலம்' இருக்கிறது. அதே நுழைவுச் சீட்டு போதும், வீசி எறிந்துவிடாதீர்கள். பெயர்தான் கருவூலம், உண்மையில் அது ஒரு கல்லறை. இருபுறமும் கற்சுவர் உயர்ந்து நிற்கும் பாதையில் 36 மீட்டர் நடந்து போய் வாசலில் நின்று நிமிர்ந்து பாருங்கள். வாசல் தலைக்கல்லில் உள்பக்கம் இருப்பது ஒரே கல், சுமார் 120 டன். அதைத் தூக்கி வைத்தவர்களிடம் இரும்புக் கருவி கிடையாது, வெண்கலக் காலம் அது. உள்ளே போனால் தேன்கூடு போலக் குவிந்து மேலேறும் மாடம், 13 மீட்டருக்கும் மேல் உயரம். சாந்து எதுவும் இல்லை. ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி, உச்சியில் ஒன்றுகூடி நிற்கிறது. நடுவில் நின்று ஒரு காலைத் தேய்த்தால் அந்த ஓசை சுற்றிச் சுற்றி வரும். கூட்டத்தோடு போனால் இது எதுவும் கேட்காது. தனியாக வந்ததன் பலன் முழுசாகக் கிடைப்பது இந்த அறையில்தான்.

அங்கிருந்து நாஃப்லியோ. வழியில் சாலையை ஒட்டியே டிரின்ஸ் கோட்டை வரும். மைசீனியோடு சேர்த்து 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றது. அதன் மதில் கற்களின் பருமனைப் பார்த்து இவை மனிதர் வைத்தவையல்ல, ஒற்றைக்கண் அரக்கர்கள் வைத்தவை என்று பழைய கிரேக்கர்களே நம்பினார்கள். நேரம் இருந்தால் அரை மணி நிற்கலாம், இல்லாவிட்டால் காரிலிருந்து பார்த்தபடியே போகலாம். நாஃப்லியோவில் துறைமுகத்தை ஒட்டிய பெரிய வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு, சாப்பிட்டு, சந்துகளில் நடந்து வாருங்கள். நவீன கிரீஸின் முதல் தலைநகரம் இது. 1834-இல்தான் தலைநகரம் ஏதென்ஸுக்குப் போனது. நாட்டின் முதல் ஆளுநர் கப்போதிஸ்திரியாஸ் 1831-இல் இங்கே புனித ஸ்பிரிடோன் தேவாலய வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊருக்கு மேலே பலமிடி கோட்டை தெரியும். ஊரிலிருந்து படியேறிப் போகலாம் என்று ஆசை வரும். வேண்டாம். தொள்ளாயிரத்துச் சொச்சம் படி ஏறி இறங்கிவிட்டு இன்னும் 175 கி.மீ. அளவுக்கு ஓட்டுவது சரிப்படாது. கோட்டை வாசல் வரை கார் போகும் சாலை பின்பக்கம் இருக்கிறது.

காருக்கு உண்மையான நியாயம் சேர்க்கிற இடம் இதற்கு அடுத்து வருகிறது. நாஃப்லியோவிலிருந்து எபிடாரஸ் போகும் வழியில், ஆர்காதிகோ கிராமத்துக்கு அருகே, சாலையிலிருந்து சில அடிகளில் ஒரு கல்பாலம். கி.மு. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்றும் ஏறி நடக்கலாம். செதுக்காத பெரிய சுண்ணாம்புக் கற்களை அடுக்கி, இடுக்குகளில் சிறு கற்களைச் செருகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்து ரதங்கள் இதன் மேல் போயிருக்கும் என்கிறார்கள். சீட்டு இல்லை, வேலி இல்லை, காவலாளி இல்லை. ஒரு பலகை மட்டும் இருக்கும். குழுவாகப் போகும் பஸ் இங்கே நிற்காது. காரை ஓரமாக விட்டு, கீழே இறங்கி, மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட அந்த வளைவுக்கு அடியில் நிற்க முடிகிறதே, அதற்காகத்தான் ஒருவர் தனியாக முழு வாடகையையும் கொடுத்துக் கார் எடுக்கிறார் என்று நினைக்கிறேன்.

எபிடாரஸை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் அரங்கம், 55 வரிசை, ஏறக்குறைய 14,000 பேர் உட்காரலாம். கீழே வட்ட மேடையின் நடுவில் பேசுவது மேல் வரிசை வரை கேட்கும் என்பது அதன் புகழ். இதைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும், தனியாக வந்தவர் என்ன செய்வது? நேராக மேலே ஏறிப் போய் உட்கார்ந்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை யாராவது நடுவில் வந்து நின்று கை தட்டுவார்கள், நாணயம் போடுவார்கள், தாளைக் கிழிப்பார்கள், சிலர் பாடுவார்கள். உங்களுக்கு அத்தனையும் இலவசம். இந்த ஒலித்தெளிவுக்குக் கல் இருக்கை வரிசைகளே காரணம், அவை கூட்டத்தின் தாழ்ந்த முணுமுணுப்பை அடக்கிப் பேச்சின் மேல் ஒலிகளைத் திருப்பி அனுப்புகின்றன என்று 2007-இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் விளக்கம் சொன்னார்கள்.

அரங்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். இது உண்மையில் ஒரு வைத்தியத் தலம். அஸ்க்லேபியஸ் என்ற மருத்துவக் கடவுளின் கோயிலுக்கு நோயாளிகள் வந்து, அதற்கென்று இருந்த நீண்ட கூடத்தில் இரவு படுத்து, கனவில் கடவுள் சொல்வதைக் கேட்டுக் குணமானார்கள் என்று நம்பினார்கள். குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்ததை அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை வார இறுதிகளில் இந்த அரங்கில் பழைய கிரேக்க நாடகங்கள் நடக்கும். ஒளிவிளக்குச் சாமான்களும் அரங்க அமைப்பும் பகலில் கண்ணை மறைக்கும், அது ஒரு குறை. நாடகமே பார்க்க ஆசைப்பட்டால் அன்றிரவு நாஃப்லியோவில் தங்கிவிடுங்கள். நள்ளிரவில் தனியாக ஏதென்ஸுக்கு ஓட்டாதீர்கள்.

திரும்புவதற்கு இரண்டு வழி. சாரோனிக் வளைகுடாவை ஒட்டிய கடற்கரைச் சாலை அழகு, ஆனால் வளைவு அதிகம். வெளிச்சம் இருந்தால் அதில் வாருங்கள். இருட்டிவிட்டால் வந்த வழியே போய் மோட்டார்வேயைப் பிடியுங்கள்.

இப்போது டெல்ஃபி. அதன் சிறப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இடம் என்ற அளவில் பார்த்தால் இந்தப் பட்டியலில் அதற்கு ஈடு இல்லை. பார்னாஸஸ் மலைச்சரிவில், கீழே ஒலிவத் தோப்புகள் கடல் வரை விரிந்து கிடக்க, அரசர்களும் நகர அரசுகளும் போர் தொடுப்பதற்கு முன் ஆளனுப்பிக் குறி கேட்ட அப்பல்லோ கோயில். 1892-இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் பெரிய அளவில் தோண்டத் தொடங்கியபோது இடிபாடுகளின் மேல் ஒரு கிராமமே இருந்தது. அந்தக் கிராமத்தை அப்படியே பக்கத்தில் பெயர்த்துக் குடியேற்றினார்கள். இன்று நீங்கள் சாப்பிடப் போகும் டெல்ஃபி ஊர் அதுதான்.

அங்கே எல்லோரும் கோயில் தூண்களை நோக்கி விரைவாக ஏறிப் போவார்கள். நீங்கள் கோயிலுக்குக் கீழே தாங்குசுவர் முன்னால் நில்லுங்கள். கற்கள் நேர்கோட்டில் வெட்டப்படாமல் வளைந்து வளைந்து ஒன்றோடொன்று கோத்திருக்கும். இன்னும் கிட்டே போய், வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் பார்த்தால், சுவர் முழுக்கப் பொடி எழுத்து. பெரும்பாலும் அடிமைகளை விடுவித்த சாசனங்கள். அடிமையைக் கடவுளுக்கு விற்றதாக எழுதி, அதன் மூலம் அவரை விடுவிப்பது வழக்கமாக இருந்தது. யார் யாரை விடுவித்தார், என்ன விலை, யார் சாட்சி, எல்லாம் பெயரோடு இருக்கிறது. அரசர்களின் காணிக்கைகள் கொள்ளை போன இடத்தில் இந்த எளியவர்களின் பெயர்கள் நின்றுவிட்டன. அருங்காட்சியகத்தில் வெண்கலத் தேரோட்டி சிலையை எப்படியும் பார்ப்பீர்கள். கண்மணிகளோடு, மெல்லிய செம்பு இமைமயிர்கூட உதிராமல் நிற்கிறது. கி.மு. 470களைச் சேர்ந்த வெண்கலம் இவ்வளவு முழுமையாகக் கிடைப்பது அபூர்வம்.

பிறகு ஏன் காரில் வேண்டாம் என்கிறேன்? டெல்ஃபி ஒரே இடம். போய் இறங்கிவிட்டால் கோயில், அருங்காட்சியகம், ஊர் எல்லாம் நடக்கிற தூரம், கார் சும்மா நிற்கும். ஏதென்ஸிலிருந்து நேரடி பஸ் இருக்கிறது, சுமார் மூன்று மணி நேரம். லெவாதியா தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வரும் காட்சிகள் எல்லாம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவருக்குத்தான். ஓட்டுகிறவர் அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வழியில் அராஹோவா ஊரின் ஒடுங்கிய தெருவில் எதிரே பஸ் வந்தால் யார் பின்வாங்குவது என்ற தவிப்பும் உங்களுக்கு இல்லை. ஒரு விஷயம் மட்டும் கவனம்: நாளுக்குச் சில பஸ்கள்தான். ஏறும்போதே திரும்பும் நேரத்தை உறுதி செய்துகொண்டு, பயணச்சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்ஃபிக்குக் கார்தான் வேண்டும் என்றால், பஸ் போகாத இடங்களையும் சேர்த்துக்கொண்டால்தான் அதற்கு அர்த்தம். திஸ்தோமோ பக்கம் திரும்பினால் ஓசியோஸ் லூக்காஸ் மடம், 11-ஆம் நூற்றாண்டுத் தங்கப் பின்னணி மொசைக் ஓவியங்கள். திஸ்தோமோ ஊரிலேயே 1944 ஜூன் 10 அன்று நாஜிப் படையினர் கொன்ற 200க்கும் மேற்பட்ட மக்களுக்கு நினைவிடம் இருக்கிறது. லெவாதியாவுக்கு வடக்கே கைரோனியாவில், கி.மு. 338-இல் மாசிடோனியாவின் பிலிப் ஏதென்ஸையும் தீப்ஸையும் வென்ற களத்தில், ஒரு கல் சிங்கம் சாலையோரம் உட்கார்ந்திருக்கிறது. இவற்றில் ஒன்றைச் சேர்க்கலாம். மூன்றையும் சேர்த்தால் டெல்ஃபியில் ஓட வேண்டியிருக்கும். அப்படிப் பார்க்க ஆசை என்றால் அராஹோவாவில் ஓர் இரவு தங்குவதுதான் சரி.

கொரிந்து யாருக்கு? வலப்பக்கம் ஓட்டுவது இதுதான் முதல் தடவை என்பவருக்கு. ஒரு மணி நேர மோட்டார்வே, நடுவில் கால்வாய், அரை நாளில் திரும்பிவிடலாம். கால்வாய் 1893-இல் திறந்தது, 6.3 கி.மீ. நீளம். பழைய சாலையின் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் நீர் தெரியும். நீரோ மன்னன் கி.பி. 67-இல் வெட்டத் தொடங்கி நிறைவேறாமல் போன திட்டம் இது. பழைய கொரிந்தில் அப்பல்லோ கோயிலின் ஏழு தூண்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஒரே கல். ரோமானியர்கள் கி.மு. 146-இல் அழித்து, ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் மறுபடி உருவாக்கிய ஊர் என்பதால் நீங்கள் நடப்பது பெரும்பாலும் ரோமானியத் தெருக்களில். ரோமானிய ஆளுநர் கல்லியோனுக்கு முன் அப்போஸ்தலர் பவுல் நிறுத்தப்பட்ட நியாயாசனம் சந்தைவெளியின் நடுவில் இருக்கிறது. விவிலியம் படித்தவர்களுக்கு இந்த ஒரு மேடைக்காகவே கொரிந்து முதல் தேர்வாகிவிடலாம், அதை நான் மறுக்க மாட்டேன். மேலே அக்ரோகொரிந்து கோட்டை வாயில் வரை கார் ஏறும். அதைத் தவறவிடாதீர்கள்.

சௌனியோவின் போஸைடன் கோயில் சூரியன் மறையும் நேரத்துக்கு ஏற்றது, ஒரு முழு நாளுக்கு அங்கே விஷயம் போதாது. ஒலிம்பியாவை ஒரே நாளில் தனியாக ஓட்டிப் போய் வர நினைக்கவே வேண்டாம்.

காரைப் பற்றிச் சில வார்த்தை. உள்நாட்டு உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். முன்பணத்துக்குப் பெரும்பாலும் ஓட்டுநர் பெயரிலேயே கடன் அட்டை கேட்பார்கள். கிரீஸில் வாடகைக் கார் என்றால் கியர் வண்டிதான் வழக்கம். இடது கையால் கியர் போட்டுப் பழகியவர் முதல் நாளே வலது கைக்கு மாற வேண்டாம், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது ஆட்டோமேட்டிக்கை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வண்டியை நகர நடுவில் எடுக்காமல் விமான நிலையத்தில் எடுத்தால் அத்திகி ஓதோஸ் மோட்டார்வே வாசலிலேயே தொடங்கும். ஏதென்ஸின் நெரிசலுக்குள் நுழையாமலே கொரிந்து வழியைப் பிடித்துவிடலாம். டோல் பல இடத்தில் வரும். அட்டை எடுப்பார்கள், இருந்தாலும் சில்லறை யூரோக்களைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மின்னணுப் பாஸ் உள்ளவர்களுக்கான பாதையில் மட்டும் நுழைந்துவிடாதீர்கள். அவசர உதவிக்கு 112.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது, ஜனவரி 1, மார்ச் 25, கிரேக்க ஈஸ்டர் ஞாயிறு, மே 1, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் தொல்லியல் இடங்கள் மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கிரேக்க ஈஸ்டர் பல ஆண்டுகளில் நம் நாட்காட்டியில் உள்ள ஈஸ்டருக்குப் பல நாள் கழித்து வரும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு என் வரிசை கொஞ்சம் மாறும். பல இடங்களைப் பிற்பகல் மூன்றரை வாக்கிலேயே மூடிவிடுவார்கள், அப்போது மைசீனியும் எபிடாரஸும் ஒரே நாளில் அவசரமாகிவிடும். நாஃப்லியோவை விட்டுவிட்டு இரண்டையும் பாருங்கள், அல்லது மைசீனியோடு பக்கத்து நெமேயாவைச் சேருங்கள். அங்கே பழைய ஓட்டப்பந்தய மைதானத்துக்குள் வீரர்கள் நுழைந்த கல் சுரங்கப்பாதை முழுசாக இருக்கிறது. தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்கள் சுவரில் கிறுக்கிய பெயர்களை இன்றும் படிக்கலாம். டெல்ஃபி பக்கம் அந்த மாதங்களில் பனி விழும். பனிச்சறுக்குக்குப் போகிறவர்களின் கார்களால் அராஹோவா வார இறுதிகளில் நிரம்பி வழியும். ஆக, குளிர்காலத்தில் டெல்ஃபிக்கு வார நாளில் பஸ்ஸைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.